இடது கன்னத்தின் உட்புறம்

அந்த ஊரில் சவுண்டு என்றால் ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது; ஆனால் வங்கியில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்தில் பார்ப்பார். கூரையில் இரண்டு புனல் ஒலிபெருக்கிகள் பூட்டிய வெளிர்நீல வேன், அதற்குள் ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு பேட்டரி, ஒரு மைக், டிரைவர் இருக்கையில் மனைவி. தொழில், சொத்து, குடும்பம் எல்லாம் அந்த வேனுக்குள் அடக்கம். கடை திறப்போ, தண்ணீர் நிறுத்தமோ, காணாமல்போன ஆடோ, காலமான பெரியவரோ, எதுவானாலும் சவுண்டு சொன்னால்தான் ஊருக்குச் செய்தி. "சவுண்டு சொல்லிட்டாரா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் சிலர் அழவே ஆரம்பிப்பார்கள்.

அவரிடம் மூன்று குரல்கள் இருந்தன. தள்ளுபடிக் குரல், துக்கக் குரல், அரசாங்கக் குரல். தள்ளுபடிக் குரலில் கடைசி எழுத்து மேலே ஏறும்; துக்கக் குரலில் கீழே இறங்கும்; அரசாங்கக் குரலில் எதுவும் எங்கும் போகாது.

கல்யாணமான புதிதில் அவரே வேனை ஓட்டிக்கொண்டே பேசியதுண்டு. "தள்ளுபடி" என்று இழுக்கும்போது சுகத்தில் கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். ஒரு மின்கம்பமும் ஒரு பழக்கடையும் அடிவாங்கிய பிறகு மனைவி ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் டிரைவரம்மா.

தலைக்கு மேலேயே புனல்கள் அலறுவதால் இருவரும் காலையில் வேனில் ஏறியதுமே காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். அதனால் வேனுக்குள் யாரும் மெதுவாகப் பேசியதில்லை. "தண்ணி பாட்டில எடுங்க" என்பதைக்கூட கிணற்றுக்குள் விழுந்தவர் ஆள் கூப்பிடுவதுபோலத்தான் சொல்ல வேண்டும். மைக்கில் இருந்த சிவப்பு விளக்கு எப்போதோ உயிரை விட்டிருந்தது. சுவிட்சைக் கீழே தள்ளினால் மைக் அணைந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும்.

இந்தக் குரல்களுக்கெல்லாம் எண்ணெய் என்று சவுண்டு நம்பியது புகையிலைப் பாக்கெட்டை. இளவயதில் யாரோ ஒரு மேடைப் பேச்சாளர், "இத இடது கன்னத்துல ஒதுக்கிக்கிட்டா தொண்டை கட்டாது தம்பி" என்று சொல்லியிருந்தார். அந்தப் பேச்சாளர் பிறகு என்ன ஆனார் என்று சவுண்டு விசாரித்ததில்லை. சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டார். காலை ஒன்று, மதியம் ஒன்று, மனைவி டீசல் போடப் போகும்போது ஒன்று.

ஊர் மருத்துவமனையில் வருடம் ஒருமுறை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடக்கும். அதற்கும் சவுண்டுதான் விளம்பரம். முதல் வருடம் விஷயத்தின் கனத்தை மதித்துத் துக்கக் குரலில் சொன்னார். முகாமுக்கு ஒருவரும் வரவில்லை. சிலர் மட்டும் மருத்துவமனை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, செத்தது யார் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் தள்ளுபடிக் குரலில் "இலவசம், முற்றிலும் இலவசம்" என்று அடித்துவிட்டார். கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. எல்லோரும் கையை நீட்டினார்கள். வாயைத் திறக்க ஒருவரும் தயாராக இல்லை.

மூன்றாவது வருடம் புதிதாக வந்திருந்த பல் டாக்டர் நேரில் வந்தார். சின்ன வயது. குரலோ அதைவிடச் சின்னது. அவரிடம் பல்வலிக்குப் போனவர்களில் பாதிப்பேர் தங்கள் காதில் ஏதோ கோளாறு என்று கவலைப்பட்டுத் திரும்பியதாக ஊரில் பேச்சு.

"அண்ணா, போன வருஷம் வந்தவங்க எல்லாரும் வாளி கேட்டாங்களாம்."

"என்னம்மா?"

"வாளி."

"வாளியா? வாங்கித் தரலாமே."

டாக்டர் பெருமூச்சு விட்டு, அவர் காதைச் சுட்டிக்காட்டினார். சவுண்டு அசடு வழிய பஞ்சை எடுத்தார்.

"இந்தத் தடவ என்ன பாக்கணும்னு தெளிவா சொல்லிடுங்க அண்ணா. ரெண்டு வாரமா ஆறாத புண். வாய்க்குள்ள வெள்ளையாவோ சிவப்பாவோ திட்டு, தடவினாலும் போகாது. காரம் பட்டா எரிச்சல். வாய முழுசா திறக்க முடியாம போறது. வலி இருக்கணும்னு அவசியமே இல்ல. வலிக்கலையேன்னுதான் எல்லாரும் விட்டுடறாங்க. ஆரம்பத்துலயே வந்தா சின்ன வேலையா முடிஞ்சிடும்."

ஒருமுறை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது சவுண்டின் தொழில் திறமை. ஆனால் டாக்டர் "வெள்ளையா" என்று சொன்ன இடத்திலேயே அவர் நாக்கு தன்பாட்டுக்குப் புறப்பட்டு இடது கன்னத்தின் உட்பக்கம் போய் நின்றுவிட்டது. அங்கே ஒரு சொரசொரப்பு இருந்தது. கொஞ்ச காலமாகவே இருந்தது. வலிக்கவில்லை, அதனால் அது எதுவுமில்லை என்று அவரும் அதுவும் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது இந்தப் பெண் நடுவில் வந்து உடன்பாட்டைக் கெடுக்கிறாள்.

"நீங்களும் ஒரு தடவ காட்டிடுங்களேன் அண்ணா. நிறைய பேசுறீங்க, கூடவே அதுவும் போடுறீங்க போல."

"நான் கூப்பிடுறவன்மா," என்றார் சவுண்டு. "வர்றவன் வேற."

அந்த வாரம் முழுக்க அவர் அரசாங்கக் குரலில் முகாமைப் பற்றி முழங்கினார். "வாயில் இரண்டு வாரமாக ஆறாத புண் உள்ளதா? வெள்ளைத் திட்டு உள்ளதா? அலட்சியம் வேண்டாம், அன்புப் பெருமக்களே." ஒவ்வொரு முறை "திட்டு" என்று சொல்லும்போதும் நாக்கு இடது பக்கம் போய்விட்டு வந்தது. அதனால் அந்த ஒரு சொல் மட்டும் கொழகொழவென்று விழுந்தது. ஊர்க்காரர்கள் ஒலிபெருக்கியில் ஈரம் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

காலையில் மனைவி வருவதற்கு முன்பே அவர் வேனுக்குள் போய் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் வாய்க்கு நேரே சாய்த்து, கைபேசி விளக்கை வாய்க்குள் அடித்து, கன்னத்தை விரலால் இழுத்துப் பார்ப்பார். திட்டு அங்கேயே இருக்கும். நேற்றைவிடப் பெரிதா, சிறிதா? ஒருநாள் சிறிதாகத் தெரிந்து உற்சாகமாகப் பாட்டு முணுமுணுத்தார். பிறகு தலையை வேறு கோணத்தில் சாய்த்தபோது அது பழையபடியே இருந்தது. பாட்டு நின்றது. பார்த்து முடித்ததும் பயம் வரும். பயம் வந்தால் ஒரு பாக்கெட்டைப் பிரித்து அதே கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார்.

முகாமுக்கு முந்தின நாள், கடைவீதி. முன்னால் ஒரு லாரி மூட்டை இறக்கிக்கொண்டிருந்ததால் வேன் நகரவில்லை. சவுண்டு அறிவிப்பை முடித்து, "அனைவரும் திரண்டு வாரீர்" என்று இழுத்து, சுவிட்சைக் கீழே தள்ளி மைக்கை மடியில் வைத்தார். சுவிட்ச் கீழேதான் இருந்தது. மைக் அணையவில்லை. காதில் பஞ்சு இருந்ததால் வேனுக்குள் இருந்த இருவருக்கும் அது தெரியாது. கடைவீதிக்குத் தெரிந்தது.

"கண்ணாடிய யாரு தொட்டது?" என்றார் டிரைவரம்மா, வேனுக்குள் பேசும் வழக்கமான குரலில். தலைக்கு மேலிருந்த புனல்கள் அதைத் தெருக்கோடிவரை கொண்டுபோயின.

"எந்தக் கண்ணாடி?"

"இந்த வேன்ல எத்தன கண்ணாடி இருக்கு? பின்னாடி வர்ற வண்டி தெரியணும்னு வச்சா, எனக்கு என் தாடை தெரியுது. தினமும் இதே கதை."

"மீசைய சரி பண்ணினேன்."

"மீசைய மழிச்சு ரெண்டு மாசமாச்சு."

தெருவில் சிலர் நடையை நிறுத்தினார்கள்.

"வாயத் திறங்க," என்றார் டிரைவரம்மா.

"எதுக்கு?"

"சோத்த வலது பக்கமே மெல்லுறீங்க. காரம்னா தட்டத் தள்ளுறீங்க. நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? திறங்க."

"நடுத்தெருவுல என்னம்மா இது."

"நம்மள யாரு கவனிக்கிறா? திறங்க."

"ஆ."

"இன்னும். ஊருக்கெல்லாம் திறக்கிற வாய்தான, எனக்குன்னா சுருங்குதா?"

"ஆஆஆ."

அந்தச் சத்தம் கடைவீதி முழுக்க உருண்டது. வெயிலில் படுத்திருந்த நாய் ஒன்று எழுந்து, கடமையாக ஊளையிட்டுப் பதில் சொன்னது.

"வெள்ளையா இருக்கே," என்றார் டிரைவரம்மா. குரலில் இருந்த கோபம் எங்கோ போய்விட்டது. "எத்தன நாளா இது?"

"மழைக்கு முன்னாடியிருந்து."

"மழைக்கு முன்னாடியா? அட மனுஷா. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஆறாத புண், வெள்ளைத் திட்டுன்னு கத்துறீங்களே. அது உங்க காதுல விழவே இல்லையா?"

"காதுல பஞ்சு வச்சிருக்கேன்ல."

லாரியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் மூட்டையைக் கீழே வைத்தார்.

"அந்தப் பாக்கெட்ட விட்டுட்டேன்னு சொன்னீங்க."

"விட்டுட்டேன்."

"சட்டைப் பையில என்ன?"

"அது நேத்து வாங்கினது."

"எந்தக் கடையில?"

"உன் தம்பி கடையில."

"அவன் எங்கிட்ட சத்தியம் பண்ணினானே, மாமாவுக்குக் கொடுக்கவே மாட்டேன்னு."

"அவன் கொடுக்கல. அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவான். நான் எடுத்துக்குவேன்."

டிரைவரம்மாவின் தம்பியின் பெட்டிக்கடை அதே கடைவீதியில்தான் இருந்தது. அவர் பீடி கேட்டு நின்ற ஆளை அப்படியே விட்டுவிட்டுக் கடையின் கதவைப் பாதி இறக்கினார். யோசித்துவிட்டு முழுவதும் இறக்கினார்.

"நாளைக்கு கேம்ப்புல நீங்கதான் முதல்ல உக்காரணும்."

"முடியாது."

"ஏன்?"

தெரு முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது.

"பயமா இருக்கு," என்றார் சவுண்டு. அது அவருடைய மூன்று குரல்களிலும் சேராத குரல். "வெட்டணும்னு சொல்லிட்டா? பேச்சு போச்சுன்னா நான் யாரு? மெத்தைக்கடைக்கு நான் சைகையிலயா விளம்பரம் பண்றது? நான் சொல்லலன்னா அந்த மெத்தைய எவன் வாங்குவான்? ஒரு ராத்திரி படுத்துப் பாத்தேன், நாலு நாள் நிமிர முடியல."

மெத்தைக்கடை வாசலில் முதலாளி ஒரு புதுமணத் தம்பதிக்கு மெத்தையை அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, நாளை வருவதாகச் சொல்லி நழுவினார்கள்.

"பேச்சு இல்லன்னா வீட்ல உங்கிட்ட திட்டு வாங்கிட்டு ஒரு பதில்கூட சொல்ல முடியாது," என்று முடித்தார் சவுண்டு.

"இத்தன வருஷமா பதில் சொல்லி என்னத்த ஜெயிச்சீங்க?" டிரைவரம்மா மூக்கை உறிஞ்சியதும் புனல்களில் கேட்டது. "எனக்குப் பதிலெல்லாம் வேண்டாம். பேசாம உக்காந்திருந்தாலும் சரி, பக்கத்துல உக்காந்திருக்கணும். அவ்வளவுதான்."

கடைசியில் காய்கறிக்காரம்மாதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து வேனின் ஜன்னலைத் தட்டினார். மேலே புனலைக் காட்டினார். பிறகு தன் காதைக் காட்டினார். சவுண்டு பஞ்சை எடுத்தார்.

"மைக்கு ஓடுதுங்க," என்றார் அவர். அதுவும் தெரு முழுக்கக் கேட்டது.

அன்று மாலை சவுண்டு தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிப் போர்வைக்குள் புகுந்துகொண்டார். ஊர் விடவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்து, "எந்தப் பக்கம் அண்ணே, இடதா வலதா? எங்க வீட்ல பந்தயம் நடக்குது," என்றார். மெத்தைக்கடை முதலாளி ஆள் வைத்து ஒரு மெத்தையைத் தூக்கிவந்து நடு அறையில் போட்டார்.

"இது புது மாடல். இன்னிக்கு இதுல படுங்க. காலையில நிமிர முடிஞ்சா மைக்குல சொல்லணும். தெரியாம சொன்னதையே அவ்வளவு தெளிவா சொல்றவரு, தெரிஞ்சு சொன்னா எப்படியிருக்கும்."

இருட்டும் நேரத்தில் மைத்துனர் வந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"ஏன் மாமா, நான் திரும்பி நின்னத ஊருக்கே சொல்லணுமா?"

"ஊருக்கு சொல்லல மாப்ள. உங்க அக்காவுக்கு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"நீ இப்ப எந்தப் பக்கம் திரும்பி நிக்கிற?" என்றார் டிரைவரம்மா உள்ளேயிருந்து. மைத்துனர் வந்த வழியே போய்விட்டார்.

மறுநாள் காலை, வரிசையை ஒழுங்குபடுத்த மைக்கோடு வரவேண்டும் என்று முன்பே பேசியிருந்ததால் சவுண்டு முகாமுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. வேலை வேறு, வாய் வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேனில் ஏறினார். மருத்துவமனை வாசலில் இறங்கியவர் திகைத்து நின்றார். முற்றம் நிறைந்து, மரத்தடி நிறைந்து, மதில்மேலும் ஆட்கள். மூட்டை தூக்குபவர்கள், காய்கறிக்காரம்மா, தையல்காரரின் மொத்தக் குடும்பம். சவுண்டு வாயைத் திறப்பதைப் பார்க்க வந்திருந்தார்கள்.

மரத்தடியில் ஒரு நாற்காலி, அதன் தலைக்கு மேல் ஒரு விளக்கு. பல் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தார்.

"முதல்ல யாரு வர்றீங்க?" என்றார். முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

"முதலில் வருபவர் யார் என்று டாக்டர் அவர்கள் கேட்கிறார்கள்," என்றார் சவுண்டு மைக்கில்.

"நீங்கதான்," என்றது கூட்டம்.

சவுண்டு வேனைத் திரும்பிப் பார்த்தார். டிரைவரம்மா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கையைக் கட்டி நின்றார். ஓட வேண்டுமானால் நடந்துதான் ஓட வேண்டும். காய்கறிக்காரம்மா அவர் தோளைப் பிடித்து, முற்றிய பூசணியை வைப்பதுபோல நாற்காலியில் வைத்தார்.

டாக்டர் விளக்கைத் திருப்பினார். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து ஏதோ சொன்னார்.

"கேக்கல," என்றது மதில்.

வருடக்கணக்கான பழக்கம். யாராவது கேட்கவில்லை என்றால் சவுண்டின் கை தானாக மைக்கைத் தூக்கிவிடும். இப்போதும் தூக்கியது.

"இடது கன்னத்தின் உட்புறத்தில்," என்று அரசாங்கக் குரலில் ஆரம்பித்தார், "வெள்ளைத் திட்டு ஒன்று காணப்படுகிறது."

"அண்ணா, உள்ள ரூமுக்குப் போய் பேசலாமே," என்றார் டாக்டர் பதறி.

"உள்ளே அறைக்குச் சென்று பேசலாம் என்று டாக்டர் அவர்கள் தெரிவிக்கிறார்கள்."

"அண்ணா, இதெல்லாம் சொல்லாதீங்க."

"இதைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறார்கள்."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, அவர் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்.

"அதிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்," என்றார் சவுண்டு மைக்கில். "மரத்துப்போக ஊசி போடப்படும். அது என்னவென்று பரிசோதனைக்குப் பிறகுதான்..."

அங்கே நின்றுவிட்டார். யாருடைய கன்னத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் மூச்சு புனல்களில் கரகரவென்று கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

டிரைவரம்மா வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "எடுத்துடுங்க டாக்டர்," என்றார். "நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

அவர்கள் உள்ளே போன பிறகு நாற்காலி காலியாக இருந்தது. கூட்டம் அதைப் பார்த்தது. அதுவும் கூட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. பிறகு மைத்துனர் வந்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல், "எனக்கும் கொஞ்ச நாளா எரியுது," என்றார். அவரைப் பார்த்த இன்னொரு டாக்டர் வாயைத் திறந்து மூன்று விரல்களை நெட்டுக்கு வைத்துக் காட்டச் சொன்னார். மைத்துனருக்கு இரண்டுதான் நுழைந்தது. மூன்று நுழைய வேண்டும் என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், வரிசையில் நின்ற அத்தனை பேரும் விரல்களை வாய்க்குள் விட்டுக்கொண்டார்கள். மதில்மேல் இருந்தவர் இரண்டு கை விரல்களையும் நுழைக்க முயன்றதில் பிடி நழுவி உள்பக்கம் விழ, வரிசையில் முந்திக்கொண்டார் என்று சண்டை வந்தது. மாலைவரை நாற்காலி காலியாகவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் சவுண்டின் வாழ்க்கையிலேயே நீளமான காத்திருப்பு. கன்னத்தில் தையல் இருந்ததால் பேசக்கூடாது. வேனில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தெருவில் போனால் எல்லோரும் புருவத்தைத் தூக்கிக் கேட்பார்கள். அவர் தோளைத் தூக்கிப் பதில் சொல்வார். பாக்கெட்டை விட்டுவிட்டார், இந்த முறை நிஜமாகவே. ஆனால் வாய்க்கு அது புரியவில்லை. கிராம்பைக் கடித்தார், பென்சிலைக் கடித்தார், ஒருநாள் வேனின் சீட் பெல்ட் நுனியைக் கடித்துக்கொண்டிருக்கையில் மனைவியிடம் மாட்டினார். எரிச்சலில் எல்லோர்மேலும் பாய்ந்தார், அதையும் சைகையிலேயே பாய வேண்டியிருந்ததால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தைகள் கை தட்டினார்கள்.

இரவில் அவர் தூங்கவில்லை என்பது டிரைவரம்மாவுக்குத் தெரியும். அவரும் தூங்கவில்லை என்பது சவுண்டுக்குத் தெரியும். புது மெத்தையில் இருவரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, தூங்குவதுபோல மூச்சு விட்டார்கள்.

முடிவு வந்த அன்று டாக்டரின் அறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். டாக்டர் வழக்கம்போல மெதுவாகத்தான் பேசினார். அன்று ஒரு எழுத்துகூடத் தவறவில்லை.

"புற்றுநோய் இல்ல அண்ணா. ஆனா அந்த இடத்துல செல்லெல்லாம் மாற ஆரம்பிச்சிருக்கு. அப்படியே விட்டிருந்தா, சில வருஷத்துல புற்றுநோயா மாற நிறைய வாய்ப்பு இருந்துச்சு. இப்ப அந்தத் திட்ட மட்டும் எடுத்துடுவோம். சின்ன ஆபரேஷன்தான். பாக்கெட்ட தொடவே கூடாது. சில மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டணும், ஏன்னா அது மறுபடி வரலாம்."

சவுண்டு வாயைத் திறந்தார், ஞாபகம் வந்து மூடினார், தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"குரலா? குரல் தொண்டையில இருக்கு அண்ணா. இது கன்னம்."

சவுண்டுக்கு இது புதுச் செய்தி. இத்தனை வருடமாகக் குரலுக்கு என்று அவர் எண்ணெய் போட்டுவந்தது, குரல் எட்டிக்கூடப் பார்க்காத ஓர் இடத்துக்கு. டிரைவரம்மா அதுவரை அழவில்லை. இப்போது அழுதார். அழுதுகொண்டே, "அந்த மேடைப் பேச்சாளன் யாருங்க? எங்க இருப்பான் இப்ப?" என்று கேட்டார்.

திட்டை எடுத்தார்கள். புண் ஆறியது. பேச்சு திரும்பியது, முதலில் பிசிறடித்து, பிறகு பழையபடி. மைத்துனருக்கு வாய்க்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் கடையில் உட்கார்ந்து ஒரு மரக்கரண்டியைக் கடித்து வாயை அகட்டிக்கொண்டே வியாபாரம் செய்தார். கடையில் புகையிலைப் பாக்கெட் தொங்கிய கம்பியில் இப்போது சீப்புகள் தொங்கின. "விக்குதா மாப்ள?" என்று கேட்டால், கரண்டியோடு, "இல்ல மாமா," என்பார்.

சவுண்டுக்குத்தான் ஊரில் புதுத் தொல்லை முளைத்தது. வேன் நின்றால் போதும், யாராவது ஜன்னலோரம் வந்து வாயைப் பிளப்பார்கள். டீக்கடையில், வங்கி வரிசையில், ஒருமுறை துக்க வீட்டில். "நான் டாக்டர் இல்லைங்க, வாய மூடுங்க. ஆஸ்பத்திரியில போய் திறங்க," என்று சொல்லிச் சொல்லி மாளவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பல்செட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வாயையே திறந்தார். பல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரைப் போகச் சொல்ல முடியாது. சவுண்டு விளக்கடித்துப் பார்த்தார். ஈறின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் வாத்தியாரை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் மருத்துவமனை வாசலில் இறக்கினார். பல்செட் உரசிய புண்தான் என்று பிறகு தெரிந்தது. வாத்தியார் அதைச் சொல்ல வீடு தேடி வந்து, சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறு பரிசோதனைக்கான நாள் வந்தது. மற்றவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போகும்போது வராத பயம், தனக்கென்று போகும்போது மட்டும் எங்கிருந்தோ வந்து முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சவுண்டு வாசல் பக்கம் திரும்பினார். "டீசல் போட்டுட்டு வந்துடலாமா?" என்றார்.

"டேங்க் நிறைய இருக்கு," என்றார் டிரைவரம்மா. அவர் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டார்.

நாற்காலியில் சாய்ந்து, சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்தார் சவுண்டு. கண்களை இறுக மூடிக்கொண்டார். கண்ணாடி உள்ளே போனது. இடது கன்னம், வலது கன்னம், நாக்கின் அடி, அண்ணம். விரல் ஒன்று தாடைக்குக் கீழே அழுத்திப் பார்த்தது. டாக்டர் ஏதோ சொன்னார். சவுண்டின் காதில் ரத்தம் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"நல்லா இருக்கு அண்ணா," என்றார் டாக்டர் மறுபடியும், கொஞ்சம் உரக்க. "எதுவுமே இல்ல. மூடலாம்."

சவுண்டு மூடவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து டாக்டரைப் பார்த்தார். அதே கண்ணால் மனைவியைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது. அதை மூடினால் டாக்டர் சொன்னது மாறிவிடும் என்று நினைத்தவர்போல இருந்தார்.

"மூடலாம் அண்ணா."

டிரைவரம்மா தலைப்பால் அவர் உதட்டோரத்தைத் துடைத்தார். பிறகு தாடைக்கு அடியில் ஒரு விரலை வைத்து மெல்ல மேலே தள்ளினார்.

"மூடுங்க," என்றார். "கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்றேன், கேக்கல. இப்ப டாக்டரே சொல்றாங்க."

வாய் மூடிக்கொண்டது. வேனுக்குத் திரும்பும்வரை, வேன் கிளம்பி வாசலைத் தாண்டும்வரை சவுண்டு அதைத் திறக்கவில்லை. கடைவீதி வந்ததும் டிரைவரம்மாவாலேயே தாங்க முடியவில்லை.

"ஏங்க, ஏதாவது பேசுங்களேன்," என்றார்.